வைஃபை கிடைக்கிறது, இணையம் கிடைக்கவில்லை: உள்நுழைவுப் பக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, கைப்பேசி பழுது பார்ப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என மூன்று வேலையும் நடக்கும். லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சனி, ஞாயிறுகளில் சாமான் வாங்க வருகிறவர்கள் என் கடைக்கும் வந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "தம்பி, வைஃபை காட்டுது, ஆனா ஒண்ணும் போகமாட்டேங்குது." கிளினிக், நூலகம், ரயில் நிலையம், சாப்பாட்டுக் கடை என்று எங்கே போனாலும் இதே கதை. முக்கால்வாசி நேரம் கைப்பேசியில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. இடையில் வரவேண்டிய ஒரு பக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளைத் தமிழில் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

வைஃபை குறி முழுதாக இருக்கிறது. வாட்ஸ்அப் மட்டும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

தோட்டத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரோட்டிலிருந்து மண் ரோட்டில் திரும்பிவிட்டீர்கள். ஆனால் ஜாகா, அதாவது வாசல் காவலாளி, கம்பத்தை இறக்கி வைத்திருக்கிறார். வண்டி எண், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கம்பம் தூக்கப்படும். அதுவரை நீங்கள் தோட்டத்து மண்ணில்தான் நிற்கிறீர்கள், உள்ளே போக மட்டும் முடியாது.

வைஃபை குறி காட்டுவது வாசல் வரை வந்துவிட்டீர்கள் என்பதை மட்டும்தான். கைப்பேசிக்கும் சுவரில் மாட்டிய பெட்டிக்கும் இடையே அலை நன்றாக இருக்கிறது என்று பொருள். பெட்டிக்கு அப்பால் உள்ள இணையத்துக்குப் போக இன்னும் அனுமதி ஆகவில்லை. அந்த அனுமதியைக் கேட்டு வருவதுதான் உள்நுழைவுப் பக்கம். சில இடங்களில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினால் போதும். சில இடங்களில் தொலைபேசி எண் கேட்பார்கள். ரசீதில் அச்சடித்த குறியீட்டைக் கேட்கும் கடைகளும் உண்டு.

அந்தப் பக்கம் தானாக வந்து நிற்கிறதே, அது எப்படி?

வைஃபையில் சேர்ந்த உடனே உங்கள் கைப்பேசி உங்களைக் கேட்காமலே ஒரு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் கூகிளின் ஒரு முகவரியைக் கூப்பிடும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெறும் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தைக் கூப்பிட்டு, அதில் "சக்சஸ்" என்ற ஒரே சொல் இருக்கிறதா என்று பார்க்கும். விண்டோஸ் கணினியும் மைக்ரோசாஃப்டின் ஒரு வரிக் கோப்பை எடுத்து இதையே செய்யும்.

வாசலில் நிற்கும் பெட்டி அந்தக் கேள்வியை வெளியே விடாது. இடையில் மறித்து, கூகிளோ ஆப்பிளோ சொல்லவேண்டிய பதிலுக்குப் பதிலாகத் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டிவிடும். எதிர்பார்த்த பதில் வராததால் இங்கே ஒரு ஜாகா நிற்கிறார் என்று கைப்பேசி புரிந்துகொள்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு சின்னச் சன்னலில் திறக்கிறது, அல்லது "வைஃபை நெட்வொர்க்கில் உள்நுழையவும்" என்று மேலே அறிவிப்புக் காட்டுகிறது. கைப்பேசி மலாய் மொழியில் இருந்தால் "லோக் மாசுக் கே ரங்காயான்" என்று தொடங்கும் அறிவிப்பு வரும்.

முன்பெல்லாம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது வந்து நின்றது. இப்போது ஏன் வருவதில்லை?

நல்ல கேள்வி. பலருக்கு இது உண்மையிலேயே குழப்பம் தருகிறது, ஏனென்றால் முன்பு கற்றுக்கொண்ட வழி இப்போது பலிக்காது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான இணையப் பக்கங்களுக்குப் பூட்டு கிடையாது. முகவரிக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பூட்டைத்தான் சொல்கிறேன். பூட்டில்லாத பக்கத்தைக் கேட்டால் நடுவில் இருப்பவர் மறித்து வேறு பக்கத்தைக் காட்டிவிடலாம். உள்நுழைவுப் பக்கமும் அந்த வழியில்தான் வந்துகொண்டிருந்தது. 2015 கடைசியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பூட்டுச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் உலாவி பூட்டில்லாத எல்லாப் பக்கங்களையும் "பாதுகாப்பற்றது" என்று குறிக்க ஆரம்பித்தது. இன்று நாம் போகும் இடமெல்லாம் பூட்டுத்தான்.

பூட்டு போட்ட பக்கத்தை நடுவில் மறித்தால் உலாவி விடாது. "நான் கூப்பிட்ட ஆள் நீ இல்லையே" என்று எச்சரிக்கை காட்டும், அல்லது வெறுமனே சுற்றிக்கொண்டு நிற்கும். கூகிள், ஃபேஸ்புக், பேங்க் பக்கங்களைத் திறந்து பார்த்து "நெட் இல்லை" என்று விட்டுவிடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். வழியை மறிக்க விடாத அந்தப் பூட்டு நம்மைக் காப்பாற்றுகிற பூட்டு. அதன் மேல் குறை சொல்ல முடியாது.

சரி, பக்கம் வரவே இல்லை. என்ன செய்வது?

போன மழைக்காலத்தில் கிளினிக்கில் காத்திருந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. ரேகை தேய்ந்துபோனதால் கைப்பேசி அவர் விரலை அடையாளம் காணாது. நாலு எண் போட்டுத்தான் திறப்பார். ஜொகூர் பாருவில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட வேண்டும். வைஃபை சேர்ந்திருக்கிறது, கால் போகவில்லை. "எல்லாருக்கும் வருது தம்பி, எனக்கு மட்டும் இது வேலை செய்யாது போல" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சங்கடமாக இருந்தது. தப்பு தன்னுடையது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். மேலே இழுத்தால் காலை வணக்கப் படங்களின் அறிவிப்பு மட்டும் நாற்பதுக்கு மேல். அவற்றோடு சேர்த்து உள்நுழைவு அறிவிப்பையும் அவர் தள்ளி விட்டிருந்தார். வைஃபையை அணைத்து, பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். அறிவிப்பு திரும்ப வந்தது. அவரையே அழுத்தச் சொன்னேன். "சாயா செத்துஜு" (ஒப்புக்கொள்கிறேன்) என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவரே தொட்டார். மகள் முகம் திரையில் வந்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "இந்தத் தம்பிதான்" என்று காட்டினார்.

ஆகவே முதல் வேலை அதுதான்: அணைத்துப் போடுங்கள். சோதனை மறுபடி நடக்கும், பக்கம் மறுபடி வரும். அப்படியும் வராவிட்டால் வைஃபை பட்டியலுக்குப் போய் நீங்கள் சேர்ந்த பெயரையே தொடுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அங்கேயே உள்நுழைவதற்கான வழி இருக்கும்.

அடுத்தது, மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் பல கைப்பேசிகள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் வைஃபையில் இருப்பதாக நினைப்பீர்கள், உலாவி வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். ஏரோபிளேன் மோடைப் போட்டுவிடாதீர்கள். எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும், குறியீடு வர வழியிருக்காது.

இதற்கும் மசியவில்லை என்றால், பூட்டில்லாத ஒரு பக்கத்தை நாமே கூப்பிட வேண்டும். இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது: நெவர்-எஸ்எஸ்எல். உலாவியின் முகவரிப் பெட்டியில் என், இ, வி, இ, ஆர், எஸ், எஸ், எல், புள்ளி, சி, ஓ, எம் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டுங்கள். அந்தப் பக்கம் வேண்டுமென்றே பூட்டுப் போடாமல் வைக்கப்பட்டிருக்கிறது, ஜாகா அதைத் தாராளமாக மறிக்கலாம். உலாவி "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று எச்சரித்தால் இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் "தொடரவும்" என்பதை அழுத்தலாம். அங்கே நீங்கள் எதையும் தட்டப் போவதில்லை.

கடைசி வழி, வைஃபை விவரத்தில் "கேட்வே" அல்லது "ரவுட்டர்" என்று எழுதியிருக்கும் எண். 192.168.1.1 அல்லது 10.0.0.1 போல இருக்கும். அதை அப்படியே முகவரிப் பெட்டியில் தட்டினால் சில இடங்களில் பக்கம் நேராக வரும். வேறொன்றும் தெரியாத பக்கம் வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டால் மூடிவிடுங்கள். அது நமக்கான கதவு இல்லை.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால் பெட்டியிலேயே கோளாறு இருக்கலாம், அல்லது அந்த இடத்தின் இணையம் அறுந்திருக்கலாம். பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு வருதா?" என்று கேட்டுவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்து அதைவிட வேகமான சோதனை கிடையாது.

மகன் என் கைப்பேசியில் விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதனால் தடை வருமா?

வரும். விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் ஒரு குழாய்க்குள் விட்டு வெளியே அனுப்பப் பார்க்கும். கம்பம் தூக்கும் முன்பு குழாய் போட வழியில்லை. குழாய் இல்லாமல் எதையும் விடமாட்டேன் என்று விபிஎன்னும் அடம்பிடித்தால், இரண்டு பிடிவாதத்துக்கு நடுவில் நாம் நிற்போம். விபிஎன்னை நிறுத்தி, பக்கத்தைத் தாண்டி, பிறகு போடுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் "பிரைவேட் டிஎன்எஸ்". விளம்பரம் வராமலிருக்க யாராவது அதில் ஒரு பெயரைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். டிஎன்எஸ் என்பது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்வது. சில உள்நுழைவுப் பெட்டிகள் தங்கள் புத்தகத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்க்கும். வெளியூர்ப் புத்தகத்தைக் கேட்கும் கைப்பேசிக்குப் பக்கம் வராது. "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றினால் சரியாகிவிடும். லேப்டாப்பில் 8.8.8.8 போன்ற எண்ணைக் கையால் போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான்.

பக்கம் முழுக்க மலாயில் இருக்கிறது. எதை அழுத்துவது?

நம்மில் பெரும்பாலோருக்கு மலாய் பேச வரும். ஆனால் பேச்சு மலாய் வேறு, திரை மலாய் வேறு. "லோக் மாசுக்" என்றால் உள்நுழைவது, "டஃப்தார்" என்றால் புதிதாகப் பதிவது. முதல் முறை வருகிறவர்கள் லோக் மாசுக்கை அழுத்திவிட்டு, இல்லாத கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். அவர்கள் போகவேண்டியது டஃப்தாருக்கு. "காத்தா லாலுவான்" கடவுச்சொல். "சம்போங்" அல்லது "தெருஸ்கான்" வந்தால் மேலே போகலாம். "பாத்தால்" என்றால் ரத்து. "தாமாட் தெம்போ" என்று வந்தால் உங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

ஒரு சொல்லைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: "பெமாசாரான்". விளம்பரம், விற்பனை என்று அர்த்தம். அதோடு ஒரு சின்னக் கட்டம் ஏற்கெனவே சரி போடப்பட்டிருக்கும். அந்தச் சரியை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் வைஃபை கிடைக்கும். எடுக்காமல் விட்டால் நீங்கள் கொடுத்த எண்ணுக்கு விற்பனைச் செய்தி வந்துகொண்டே இருக்கும்.

குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. அதைப் பார்க்கப் போனால் உள்நுழைவுச் சன்னல் மூடிக்கொள்கிறது!

ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. அந்தச் சின்னச் சன்னல் முழு உலாவி இல்லை. இந்த ஒரு வேலைக்காகத் திறந்து, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். நீங்கள் வேறு செயலிக்குப் போனால் அது போய்விடலாம், திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எஸ்எம்எஸ்ஸைத் திறக்காதீர்கள். திரையின் மேலே சில நொடிகள் வந்து போகும் அறிவிப்பிலேயே எண் தெரியும். பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் கடையில் இதற்காகவே மேசையில் துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். அது முடியாவிட்டால் நெவர்-எஸ்எஸ்எல் வழியாக முழு உலாவியில் பக்கத்தைத் திறங்கள். அங்கிருந்து எஸ்எம்எஸ்ஸுக்குப் போய்த் திரும்பினாலும் பக்கம் அப்படியே இருக்கும்.

குறியீடு வாட்ஸ்அப்பில் வரும் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். இணையம் கிடைக்க வாட்ஸ்அப் வேண்டும், வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டும். டேட்டா இல்லாதவர்களுக்கு அந்த இடம் உதவாது. யார் இப்படி அமைத்தார்களோ, டேட்டா இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கவில்லை.

"கூகிள் கணக்கில் நுழையவும்" என்று அழுத்தினால் 403 என்று பிழை வருகிறது.

உங்கள் கடவுச்சொல்லில் தப்பில்லை. இப்படி இன்னொரு செயலிக்குள் திறக்கும் சின்னச் சன்னல்களில் கடவுச்சொல் தட்டுவதைக் கூகிள் அனுமதிப்பதில்லை. சன்னலை வைத்திருப்பவர் நீங்கள் தட்டுவதைப் பார்க்க முடியும் என்பதே காரணம். முழு உலாவியில் திறந்தால் வேலை செய்யும். ஆனால் வேறு வழி இருக்கும்போது கூகிள், ஃபேஸ்புக் கணக்கைக் கொடுக்காமல் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்து நுழைவதே மேல் என்பது என் எண்ணம்.

அடையாள அட்டை எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சாப்பாட்டுக் கடையின் இலவச வைஃபைக்கு மைகார்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு இலக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். முதல் ஆறு நீங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியும். அதோடு உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தால், உங்களைக் கூப்பிட்டு "நாங்கள் பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று நம்பவைக்க ஒருவனுக்கு அதுவே போதும். முழு விவரத்தையும் சரியாகச் சொல்கிறானே என்று நம்பித்தானே நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்?

தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வியாபாரங்கள் எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லியாக வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே நூலகம் போன்ற இடங்களில் உறுப்பினர் பதிவுக்கு எண் கேட்டால் திரையில் தட்டுவதற்கு முன் முகப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவரே அன்றைய குறியீடு ஒன்றைக் கொடுத்துவிடுவார்.

பேங்க் கணக்கு எண், கார்டு எண், டிஏசி எண் (பணம் அனுப்பும்போது பேங்க் தரும் ஒருமுறைக் குறியீடு) இவற்றை இலவச வைஃபை எதுவும் கேட்கக் காரணமே இல்லை. கேட்டால் எழுந்து வெளியே வாருங்கள்.

போலி வைஃபை என்கிறார்களே, அப்படி நடக்குமா?

நடக்கிறது. 2024-இல் ஆஸ்திரேலியக் காவல்துறை ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் உண்மையான வைஃபையின் பெயரிலேயே தன் கையடக்கக் கருவியால் வைஃபை விட்டு, வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு போலி உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பக்கம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் நுழையச் சொன்னது. தட்டியதெல்லாம் அவர் கருவியில் சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் மச்சான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கடையின் பெயரோடு "ஃப்ரீ" என்று சேர்ந்திருந்த வைஃபையில் நுழைந்தார். ஃபேஸ்புக் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அவர் பெயரில் சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி போனது: அவசரம், ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். என் அத்தை ஒருவர் அனுப்பியும் விட்டார். பிறகு விசாரித்தால், அந்தக் கடைக்கு வைஃபையே கிடையாதாம்.

வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதனால் சேர்வதற்கு முன் கடைக்காரரிடம் "அண்ணே, உங்க வைஃபை பேர் என்ன?" என்று கேளுங்கள். எந்தச் செயலியையாவது இறக்கச் சொன்னாலோ, "சான்றிதழ்" ஒன்றை நிறுவச் சொன்னாலோ செய்யாதீர்கள். அப்படி நிறுவும் சான்றிதழ், உங்கள் பூட்டுகளுக்கெல்லாம் கள்ளச்சாவி செய்ய அவர்களுக்கு வழி கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. வேறு இணைப்பிலிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உங்கள் பேங்கையும் 997-ஐயும் கூப்பிடுங்கள். மோசடிக்கென்று 2022-இல் தொடங்கிய தேசிய மையம் அது. பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் கூப்பிட்டால்தான் மறிக்க முடியும், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அத்தை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

பொது வைஃபையில் பேங்க் செயலியைத் திறக்கலாமா?

பேங்க் செயலிக்கும் பேங்குக்கும் நடுவில் பூட்டு உண்டு. பக்கத்து மேசைக்காரர் உங்கள் கணக்கைப் படித்துவிட முடியாது. நீங்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர்கள் மட்டும் அவருக்குத் தெரிய வாய்ப்புண்டு. இருந்தாலும் பணம் அனுப்புகிற வேலைக்கு நான் டேட்டாவுக்கு மாறிவிடுவேன். சில காசு டேட்டாவில் முடிகிற காரியம்.

ஒன்றை மட்டும் மீற வேண்டாம். உள்நுழைந்த பிறகும் பேங்க் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை, தொடரவும்" என்று அழுத்தக் கூடாது. முதலில் கைப்பேசியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிய பழைய கைப்பேசிகளில் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும், அப்போது எல்லாச் சான்றிதழும் தப்பாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அந்த வைஃபையை விட்டு விலகுங்கள்.

நேற்று நுழைந்தேன், இன்று மறுபடி கேட்கிறது. ஏன் என்னை மறந்துவிடுகிறது?

பெட்டி உங்களை முகத்தால் அறியாது. கைப்பேசியின் வைஃபை எண் ஒன்றை வைத்துத்தான் அறியும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் அந்த உண்மை எண்ணைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று எண்ணைக் கொடுக்கின்றன. உங்களை இடத்துக்கு இடம் பின்தொடரக் கூடாது என்பதற்காக. புதிய ஐபோன்கள் கடவுச்சொல் இல்லாத வைஃபைகளில் அந்த மாற்று எண்ணையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். எண் மாறினால் ஜாகாவுக்கு நீங்கள் புது ஆள்.

அடிக்கடி போகும் நம்பிக்கையான இடம் என்றால், அந்த வைஃபைக்கு மட்டும் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" அமைப்பை மாறாத எண்ணாக வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் அப்படியே விடுங்கள். ஒரு தடவை கூடுதலாகப் பொத்தானை அழுத்துவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

டேட்டாதான் மலிவாகிவிட்டதே. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) போய் ஒரு காணொளியைத் திறந்து பாருங்கள். மேட்டுக்கு ஏறி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும். 2021 கடைசியோடு நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது பழைய கைப்பேசி வைத்திருந்த பலருக்கு உருப்படியான டேட்டா இல்லாமல் போனது. பேசத்தான் உதவும், வைஃபை கிடைத்தால்தான் ஒழுங்கான இணையம். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஆவணங்களை ஏற்ற வேண்டிய பிள்ளைகள் நூலகத்து வாசலில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஒரு உள்நுழைவுப் பக்கம் வராமல் போவது சின்ன விஷயம் இல்லை. கெடு நாளன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை என் கடைக்கு ஓடிவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரைவேட் டிஎன்எஸ் ஒன்றுதான் தடையாக இருந்தது. அரை நிமிஷ வேலை. ஒரு பிற்பகல் முழுக்க அந்தப் பிள்ளை அதோடு தனியாகப் போராடியிருக்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டியை இப்படிப்பட்ட வைஃபையில் சேர்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பக்கத்தைக் காட்ட அதற்குச் சரியான உலாவி இருக்காது. உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மண்டபத்தில் வருகிறவர்களுக்கு வைஃபை வைக்கலாம் என்று இருக்கிறோம். பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

முடிந்தால் உள்நுழைவுப் பக்கமே வேண்டாம். சாதாரணக் கடவுச்சொல் ஒன்றை வைத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். காற்றில் போகும் தரவும் அப்போது குறியாக்கப்படும், திறந்த வைஃபையில் அது கிடையாது.

பக்கம் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே பொத்தானோடு வையுங்கள். மலாயோடு தமிழிலும் இரண்டு வரி எழுதுங்கள். பழைய, சின்னத் திரைக் கைப்பேசியில் பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள், பல பக்கங்களில் அது கீழே ஒளிந்திருக்கும். பெட்டி வாங்கும்போது 2020-இல் வந்த "கேப்டிவ் போர்ட்டல் ஏபிஐ" என்ற முறை அதில் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். அந்த முறையில் பெட்டியே கைப்பேசியிடம் "உள்நுழைவுப் பக்கம் இங்கே இருக்கிறது" என்று முகவரியைச் சொல்லிவிடும், நடுவில் மறிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகளுக்கு இது புரியும்.

வேலை முடிந்து கிளம்பும்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

திரும்ப வரப்போகாத இடம் என்றால் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு "ஃபர்கெட்" என்பதை அழுத்துங்கள். இல்லையென்றால் அதே பெயரில் வேறெங்காவது ஒரு வைஃபை இருந்தால், பையில் இருக்கும் கைப்பேசி உங்களைக் கேட்காமலே அதில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அடிக்கடி வரும் இடம் என்றால் "ஆட்டோ ஜாயின்" என்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அப்புறம், விபிஎன்னையோ மொபைல் டேட்டாவையோ நிறுத்தி வைத்திருந்தால் மறக்காமல் திரும்பப் போடுங்கள். பஸ்ஸில் ஏறிப் பாதி வழி போன பிறகு "நெட் வரலையே தம்பி" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அதனால்தான்.